உட்கார நேரம் யாருக்கு?

இட்லி மாவு ஆட்டுகிற வேலை கிரைண்டரைப் போடும்போது தொடங்குவதில்லை. நாளைக் காலை என்ன பலகாரம் என்று யாரோ ஒருவர் இன்று காலையே யோசித்திருக்க வேண்டும். மதியத்துக்குள் அரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊறியிருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் வெந்தயம் மறக்கக் கூடாது. சாயங்காலம் கரண்ட் போவதற்குள் ஆட்டி முடிக்க வேண்டும். உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்டி எடுத்து, அரிசி மாவோடு உப்புச் சேர்த்துக் கையால் கரைத்து, பொங்கி வழியாதபடி பாத்திரத்தில் இடம் விட்டு மூடி வைக்க வேண்டும். மார்கழியில் மாவு லேசில் புளிக்காது, சித்திரையில் விடிவதற்குள் புளித்துவிடும். அதற்கேற்ப நேரத்தை முன்பின் தள்ளிப் போட வேண்டும். அப்புறம் கிரைண்டரைக் கழுவ வேண்டும், அது தனி வேலை. இத்தனைக்கும் பிறகு காலையில் தட்டுக்கு நாலு இட்லி வருகிறது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற விஷயம்.

இந்தக் கணக்கை வீட்டில் யார் தலையில் சுமக்கிறார்கள்? கேஸ் எப்போது தீரும், மாமனாரின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை மிச்சம், டியூஷன் ஃபீஸுக்குக் கடைசி நாள் எது, அமாவாசை எந்தக் கிழமை வருகிறது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஆளுக்குத்தான். 2017-இல் எம்மா என்ற பிரெஞ்சு ஓவியர் இந்தச் சுமையைப் படக்கதையாக வரைந்து இணையத்தில் போட்டபோது அது உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கதையில் வரும் கணவன் கெட்டவனே கிடையாது. "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்கிறான், அவ்வளவுதான். நம் வீடுகளிலும் அன்றாடம் காதில் விழுகிற வாக்கியம் அது. எதைச் செய்ய வேண்டும் என்று கவனித்து, நினைவில் வைத்து, நேரம் பார்த்துச் சொல்வதும் ஒரு வேலை என்பது அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விடுகிறது.

பெண்ணிடம் சமூகம் எதிர்பார்ப்பவற்றைப் பற்றிப் பேசும்போது உடை, நடை, பேச்சு என்றுதான் வழக்கமாகத் தொடங்குகிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் நேரம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு பெண்ணின் நேரம் எந்த நிமிடமும் பிறருக்குக் கிடைக்கக்கூடியது என்பதுதான் முதல் எதிர்பார்ப்பு. மற்றவை அதன் கிளைகள். அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்காவது ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது. தண்ணீர் கொண்டு வா, சார்ஜர் எங்கே, அந்தச் சட்டையை இஸ்திரி போட்டாயா.

நாட்டின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை நிமிடக் கணக்கில் காட்டியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், தம் வீட்டாருக்காக ஊதியமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படி வேலை செய்த பெண்கள் அதற்காகச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிப்பது இதில் சேராது. அதற்குத் தனியாகப் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. மாத்திரைக் கணக்கும் மாவுக் கணக்கும் எந்த நிமிடத்திலும் பதிவாகாது, ஏனென்றால் அவை வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போதே மனதில் ஓடுகிறவை.

இந்த வேலைக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது. அது பெரும்பாலும் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள் வழியாகத்தான் வந்தது. சம்பாதிக்காத மனைவி இறந்துபோனால் குடும்பத்துக்கு என்ன நட்டம் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது, நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அப்படி ஒரு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பை எப்படி அளப்பது என்று பெண்ணியப் பொருளியல் பார்வையோடு விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், சிறைக் கைதிகள் ஆகியோரோடு ஒரே வகையில், உற்பத்தியில் ஈடுபடாதவர்களாக வைத்திருப்பதைக் கண்டித்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்.வி. ரமணா, 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தம் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் ஏறத்தாழ 58 லட்சம் என்பதை எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவது சமத்துவத்தை நோக்கிய படி என்று எழுதினார்.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் அந்த வழக்குகளிலெல்லாம் ஒரு பெண்ணின் உழைப்புக்கு விலை போடப்பட்டது அவள் இறந்த பிறகு. உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பில். கணவர் சவூதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் இங்கே சொத்து வாங்கப்பட்டது. மனைவி இங்கிருந்து குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு சொத்து யாருடையது என்று சண்டை வந்தது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்களில், கீழத் தஞ்சையிலிருந்து ராமநாதபுரம் வரை, இந்தத் தீர்ப்பு தன் கதையைச் சொல்கிறது என்று உணரக்கூடிய பெண்கள் எத்தனையோ பேர்.

வேலையை இயந்திரம் குறைத்துவிடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 2011-இல் தமிழக அரசு இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது பல லட்சம் வீடுகளில் ஆட்டுக்கல்லும் அம்மியும் கொல்லைப்புறத்துக்குப் போயின. தோள்பட்டை தேய ஆட்டிய தலைமுறையிடம் கேட்டால் அதன் அருமை தெரியும். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நேரம்? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியான தன் நூலில், வீட்டு இயந்திரங்கள் வந்த பிறகும் அமெரிக்க இல்லத்தரசிகளின் வேலை நேரம் ஏன் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று ஆராய்ந்தார். விறகு வெட்டுவதுபோல ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது, பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்ட தரமோ கூடிக்கொண்டே போனது என்பது அவர் வாதம். சட்டை வாரத்துக்கு ஒன்று போதும் என்ற இடத்தில் தினம் ஒன்று வேண்டியதாயிற்று.

இதை அப்படியே இட்லியில் பார்க்கலாம். நம் கிராமங்களில் முன்பு ஏராளமான வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும் மட்டுமே. மற்ற நாட்களில் கூழ், கஞ்சி, பழைய சோறு. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலை உணவு தயார். கிரைண்டர் வந்த பிறகு இட்லி அன்றாட உணவாயிற்று. அதனோடு சட்னி, சாம்பார். பிள்ளைக்குத் தக்காளிச் சட்னி, அவருக்குத் தேங்காய்ச் சட்னி. வசதி வந்ததும் உணவு மேம்பட்டது, அது நல்லதுதான். மேம்பட்டதன் கூலியை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது தெருவுக்குத் தெரு மாவுக்கடை இருக்கிறது. வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கிரைண்டரைப் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ஆட்டி விற்று, அதில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை எல்லோருக்கும் தெரியும். அங்கே மாவு வாங்குகிற பெண்ணைப் பற்றி உறவில் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். "அந்தக் காலத்துல பத்துப் பேருக்குக் கல்லுல ஆட்டுனோம், இவளுக்கு ரெண்டு பேருக்கு ஆட்ட வணங்கல" என்று ஒரு பெரியம்மா சொல்லுவார். இங்கே பழிக்கப்படுவது மாவின் ருசி மாதிரித் தோன்றினாலும், உண்மையில் அவள் மிச்சப்படுத்திய நேரத்தைத்தான் பழிக்கிறார்கள். 2021-இல் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படம் இந்த நரம்பைத்தான் தொட்டது. அந்த மாமனார் கோபப்படுவதே இல்லை, மென்மையாகத்தான் பேசுகிறார். சட்னியை அம்மியில் அரைத்தால் நல்லது, சோறு விறகடுப்பில் வெந்தால் நல்லது, தன் துணிகளை வாஷிங் மெஷினில் போட வேண்டாம் என்கிறார். இயந்திரம் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. தமிழிலும் 2023-இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க அது மறுஆக்கம் செய்யப்பட்டது.

அந்தப் பெரியம்மாவை வில்லியாக்கிவிட்டுப் போவது சுலபம், ஆனால் நியாயமில்லை. சமையலறை பெண்ணுக்குச் சுமையாக மட்டும் இருந்திருந்தால் அதை எப்போதோ கைவிட்டிருப்பார்கள். அவளுக்குக் கிடைத்த ஒரே அதிகாரமும் அங்கேதான் இருந்தது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் ஒரு ராஜஸ்தானியக் குடும்பத்து மூத்த பெண், மருமகளிடம் சமையலறையைக் கைப்பற்றிக்கொள், அதில்தான் உன் பலம் இருக்கிறது என்கிற பொருளில் அறிவுரை சொல்வாள். யாருக்கு எவ்வளவு நெய், எந்தப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி என்று தீர்மானிக்கிற இடம் அது. வாழ்நாள் முழுவதும் அங்கே நின்று சம்பாதித்த மரியாதையை மாவுப் பாக்கெட் செல்லாததாக்கிவிடும் என்று ஒரு மூத்த பெண் பயப்படுவதில் பொருள் இருக்கிறது. பெண்ணியம் அவளையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே சமையல், சம்பளமும் பெயரும் கிடைக்கிற இடத்துக்கு வந்தால் ஆணின் வேலையாகிவிடுகிறது. கல்யாணச் சமையல்காரர், பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர், டீ மாஸ்டர் எல்லோரும் பெரும்பாலும் ஆண்கள். அதே பந்தலில் காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் பெண்கள் இருப்பார்கள், குறைந்த கூலிக்கு. ஆகவே ஆணுக்குக் கை வராது என்பதெல்லாம் சாக்கு. வீட்டில் செய்தால் குறைச்சல், வெளியே செய்தால் தொழில் என்று பிரித்து வைத்திருக்கிறோம். மனைவிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கும் கணவனைப் 'பொண்டாட்டிக்குப் பயந்தவன்' என்று சிரிக்கவைத்த நகைச்சுவைக் காட்சிகள் தமிழ் சினிமாவில் கணக்கில் அடங்காது. அந்தச் சிரிப்பு ஆணையும் ஒரு வேலியில் கட்டுகிறது: சம்பாதிக்க வேண்டும், அழக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. 1934-இல் நூலாக வந்த 'பெண் ஏன் அடிமையானாள்?' கட்டுரைகளில் பெரியார், பெண் விடுதலை வேண்டுமானால் 'ஆண்மை' என்கிற கருத்தே ஒழிய வேண்டும் என்று எழுதியதன் கூர்மை இன்றைக்கும் மழுங்கவில்லை.

சீரியல்களுக்கு வருவோம். அவற்றைக் கேலி செய்துவிட்டு நகர்வது படித்தவர்களின் வழக்கம். ஆனால் மாலையிலிருந்து இரவு பத்து பத்தரை வரை தமிழ் வீடுகளில் தினமும் ஒலிக்கிற குரல்கள் அவை. ஒலிக்கிற என்று சொல்லக் காரணம் உண்டு. பாதி நேரம் அவை கேட்கத்தான் படுகின்றன. வசனம் நீளமாக இருக்கும், ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று தடவை சொல்லுவார்கள், பின்னணி இசை எல்லாவற்றையும் அறிவித்துவிடும். தோசை வார்த்துக்கொண்டே பின்தொடரலாம், நடுவில் ஐந்து நிமிடம் எழுந்து போனாலும் கதை போய்விடாது. 1982-இல் டானியா மோட்லெஸ்கி என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களைப் பற்றி இதையே சொன்னார்: இல்லத்தரசியின் துண்டு துண்டாக உடைந்த நேரத்துக்கு ஏற்றபடி அந்தக் கதைகளின் வடிவமே அமைந்திருக்கிறது. ஓய்வுக்காகப் பார்ப்பதுகூட வேலையின் தாளத்தில்தான்.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' இந்த விஷயத்தில் அசாதாரணமான தொடர். நன்றாகப் படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து சமையலறையில் நிறுத்திவைக்கும் ஒரு வீடு. அந்த வீட்டை ஆளும் ஆதி குணசேகரன். மருமகள்கள் தங்களுக்குள் பேசி, கோபப்பட்டு, திட்டம் போடுகிற இடமாகவும் அதே சமையலறையை அந்தத் தொடர் காட்டியது. பெண்ணுக்குப் பெண் எதிரி என்ற பழைய சீரியல் வாய்ப்பாட்டை விட்டு விலகி, மருமகள்களை ஒரு அணியாக நிறுத்தியது. அது பெரிய காரியம். ஆனால் வெளியே என்ன பரவியது? மறைந்த நடிகர் மாரிமுத்து அபாரமாக நடித்த அந்தக் குணசேகரனின் 'இந்தாம்மா ஏய்' என்ற அதட்டல்தான் மீம் ஆயிற்று, ரிங்டோன் ஆயிற்று, கல்லூரி மேடைகளில் மிமிக்ரி ஆயிற்று. அந்த அதட்டலைக் கேட்டுச் சிரித்தவர்களில் பெண்களும் உண்டு, ஏனென்றால் தங்கள் வீட்டில் கேட்ட குரலை முதல்முறையாகத் திரையில் அடையாளம் கண்டார்கள். அடையாளம் காண்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆனால் அதிகாரம் ரசிக்கத்தக்க குணச்சித்திரமாகிவிட்டால் அதன் கொடுமை கண்ணிலிருந்து நழுவுகிறது. அந்தக் கதையின் மருமகள்கள் எவ்வளவு பேசினார்கள்! அவர்களுடைய ஒரு வாக்கியம்கூட அவருடைய அதட்டல் அளவுக்குத் தெருவுக்கு வரவில்லை.

சினிமா இந்த எதிர்பார்ப்பைப் புகழ்ச்சியாக மாற்றித் தருவதில் கைதேர்ந்தது. அம்மாவைப் பற்றிய தமிழ்த் திரைப் பாட்டுகளைக் கேளுங்கள். அவள் தூங்காதவள், பசித்திருந்து ஊட்டியவள், மெழுகாக உருகியவள். கணவனை இழந்து தையல் மெஷின் மிதித்துக் கதாநாயகனை ஆளாக்கிய தாயை எத்தனை படங்களில் பார்த்துவிட்டோம். இந்தப் பாட்டுகளை எழுதியவர்களும் கேட்டு அழுகிறவர்களும் போலியானவர்கள் இல்லை. ஆனால் ஒருத்தியின் தூக்கமின்மையைக் கோவிலாக்கிவிட்டால் அவள் தூங்கப் போவது எப்படி? பெண்ணிய எழுத்தாளர் சில்வியா ஃபெடெரிச்சி 1975-இல் எழுதிய சிறுநூல் தொடங்குவதே இந்த இடத்தில்தான்: அவர்கள் அன்பு என்று சொல்வதை நாங்கள் ஊதியம் தரப்படாத வேலை என்கிறோம் என்றார் அவர். அன்பு இல்லை என்பதல்ல அவர் வாதம். அன்பின் பெயரைச் சொன்னதும் கூலியைக் கேட்பது அசிங்கமாகிவிடுகிறது, அந்த அசிங்க உணர்வில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது என்பது.

சம்பாதிக்கிற பெண்ணுக்கு வேறு கதை எழுதப்பட்டதா? 1974-இல் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' ஒரு வேலைக்குப் போகும் மூத்த மகளை நடுவில் வைத்தது. குடும்பமே அவள் சம்பளத்தில் நிற்கிறது, அவள் கோபக்காரி, அந்தக் கோபத்துக்குப் படம் நியாயம் செய்கிறது. சுஜாதாவின் அந்த முகம் இன்னமும் மறக்கக்கூடியதில்லை. இருந்தும் கடைசியில் தன் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்து மறுபடியும் அவள் ஆபீசுக்குக் கிளம்புகிறாள். அவள் சம்பளம் அவளுக்கு விடுதலை தரவில்லை, கடமையின் இன்னொரு பெயராகவே இருந்துவிடுகிறது. பதினெட்டு வருடம் கழித்து வந்த 'மன்னன்' இன்னும் நேரடியானது. பெரிய தொழிற்சாலையை நடத்தும் பெண் விஜயசாந்தி, அவளிடம் வேலை பார்க்கும் ரஜினிகாந்த். இருவருக்கும் இடையிலான போட்டி, அவள் தொழிலை விட்டு இல்லத்தரசியாவதில் முடிகிறது. தியேட்டரில் அது சுபமான முடிவு. அவளுடைய திறமையைப் படம் மறுக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தத் திறமை முழுவதையும் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதை அவளுடைய வளர்ச்சியாகக் காட்டுகிறது.

திரைக்கு வெளியே தமிழ்ப் பெண்கள் வேலையை விடவில்லை. 2019-20-க்கான ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். திருப்பூரின் தையல் மெஷின்களும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளும் அவர்களால் ஓடுகின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியதும் அடுத்த ஷிப்ட். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1989-இல் தன் நூலுக்கு 'இரண்டாவது ஷிப்ட்' என்றே பெயர் வைத்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தலித் பெண்களுக்கு இது 1989-இல்தான் தெரியவந்த செய்தி இல்லை. இல்லத்தரசி என்ற பட்டமே அவர்களுக்கு என்றும் கொடுக்கப்பட்டதில்லை. பாமாவின் 'சங்கதி' நாவல் காட்டும் பெண்கள் ஆணுக்கு இணையாகக் காட்டில் உழைத்து, கூலி குறைவாக வாங்கி, வீட்டுக்கு வந்து சமைத்து, அதற்கு மேல் அடியும் வாங்குகிறார்கள். நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் உட்காரக் கிடைக்கிறது என்றால் பல வீடுகளில் அதைக் கொடுப்பது கணவன் இல்லை, இன்னொரு பெண். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா. அவள் தன் வீட்டுப் பாத்திரத்தை எப்போது தேய்க்கிறாள் என்று கேட்காத பெண்ணியம் அரைகுறை.

உட்காருவது என்பதை நேர்ப்பொருளிலேயே பார்க்கலாம். தேநீர்க்கடை பெஞ்ச், பாலக்கட்டை, ஆலமரத்து மேடை, பஸ் ஸ்டாண்ட் திண்டு எல்லாவற்றிலும் ஆண்கள் காரணமில்லாமல் உட்காரலாம். பேப்பர் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். ஒரு பெண் அங்கே உட்கார்ந்தால் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்பார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட நூல் இந்த உரிமையைத்தான் கேட்டது. பொது இடத்தில் பெண் எப்போதும் ஒரு வேலையாகப் போகிறவளாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சும்மா சுற்றும் உரிமை அவளுக்கு இல்லை என்றார்கள். கையில் ஒரு பையோ காதில் ஒரு போனோ இல்லாமல் தெருவில் நிற்பது எவ்வளவு கூச்சம் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவார்.

வேலைக்கு வந்த இடத்திலும் உட்கார முடியாத பெண்கள் தி. நகரிலும் மதுரையிலும் திருச்சியிலும் ஜவுளிக்கடைகளில் இருந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது. கால் நரம்பு சுருட்டிக்கொள்வதும் கழிப்பறைக்குப் போக முடியாமல் சிறுநீர்த் தொற்று வருவதும் அந்தத் தொழிலின் நோய்கள். கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடியது. 2018-இல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று எழுதியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் செல்லாது.

வீட்டுக்குள் அரசு நுழைந்தது பணத்தோடு. 2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடத் தொடங்கினார்கள். பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அரசு அதை அறிவித்தது. இதை ஓட்டுக்கான பணம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கணவன் கையை எதிர்பார்க்காமல் தன் பெயரில் வரும் பணம், மாத்திரை வாங்கவும் பேத்திக்கு ஒரு பாவாடை எடுக்கவும் யாரிடமும் கேட்க வேண்டாத பணம் என்பதன் பெறுமதி தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். ஆனால் ஊதியம் என்று பார்த்தால், தேசியச் சராசரியான 299 நிமிடத்தை வைத்து மாதக் கணக்குப் போட்டால், மணிக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. அதைவிட முக்கியமான சிக்கல் வேறு. வீட்டு வேலைக்குப் பெண்ணுக்குப் பணம் கொடுத்தால் அது அவள் வேலைதான் என்று முத்திரை குத்தியதாகிவிடாதா என்ற கேள்வி பெண்ணியத்துக்குள் 1970-களிலிருந்தே இருக்கிறது. ஃபெடெரிச்சி தரப்பு இதற்குச் சொன்ன பதில்: கூலி கேட்பதே அந்த வேலை நம் இயல்பு என்பதை மறுப்பது. கேட்டால்தான் மறுக்கவும் முடியும்.

மறுத்தால் என்ன ஆகும் என்று ஐஸ்லாந்து காட்டியது. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் ஆபீசுக்கும் போகவில்லை, சமைக்கவும் இல்லை, பிள்ளைகளைப் பார்க்கவும் இல்லை. பள்ளிகளும் மீன் பதனிடும் ஆலைகளும் முடங்கின. அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஆண்பெண் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. சிறிய நாடு, வேறு சூழல். இங்கே அப்படியே நடக்காது. ஒரு நாள் நின்றுபோனால்தான் கண்ணுக்குத் தெரிகிற வேலை இது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

நேரப் பயன்பாட்டு ஆய்வு 2024-இல் மறுபடியும் நடந்தது. வீட்டு வேலையில் பெண்களின் சராசரி 299 நிமிடத்திலிருந்து 289-ஆகக் குறைந்திருந்தது. பத்து நிமிடம். செய்தித்தாள்கள் அதை முன்னேற்றம் என்று எழுதின. அதே அட்டவணையில் ஆண்களின் சராசரி 97-லிருந்து 88-ஆக இறங்கியிருந்தது. பெண்களிடமிருந்து குறைந்த நிமிடங்களை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை. குக்கரும் மாவுப் பாக்கெட்டும் கூலிக்கு வருகிற அக்காவும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கலாம். நாளைக்கு அரிசியை யார் ஊறப்போடுவது என்று வீட்டில் ஒரு ஆண் தானாகவே யோசித்தால், அடுத்த ஆய்வில் மாற வேண்டிய எண் அந்த 88 தான்.